களிம்பை நிறுத்தினால் சொரியாசிஸ் ஏன் சீறுகிறது?

கேள்வி: என் கணவருக்கு முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதில். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் பத்து நாளில் மறைகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: சொரியாசிஸ் ஒட்டாது. தட்டு, துண்டு, படுக்கை எதன் வழியாகவும் பரவாது, ஏனென்றால் இதற்குக் காரணம் கிருமி இல்லை. எதிர்ப்பு சக்தி தடம் மாறி, தோலை அவசரமாக வளரச் செய்கிறது. ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய செல்கள் நான்கைந்து நாளில் மேலே வந்து குவிகின்றன. அதுதான் செதில். அந்தத் தனித் தட்டை இன்றே மற்றத் தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். மன உளைச்சலும் இந்த நோயைக் கிளப்பும்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி சீறிக்கொண்டு திரும்பும். தோல் மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைப்பார்: தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு நாள், இடையில் கால்சிபோட்ரியால் என்ற, ஸ்டீராய்டு இல்லாத வைட்டமின் டி வகைக் களிம்பைச் சேர்ப்பதும் உண்டு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். முகம், அக்குள், தொடையிடுக்கில் இந்த வீரியமான ஸ்டீராய்டைப் பூசவே கூடாது. அங்கே தோல் மெலிந்துவிடும்.

தலைக்கு, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிச் செதிலை ஊறவிடுங்கள். காலையில் தார் (நிலக்கரித் தார் கலந்த) ஷாம்பு போட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசலாம். சீப்பாலோ நகத்தாலோ பெயர்க்க வேண்டாம். பெயர்த்த இடத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பும். குளித்ததும் ஈரம் காயும் முன் உடம்புக்கு வாசலின் தடவுவது எளிய, நல்ல பழக்கம்.

இந்த நோய் மூட்டையும் தாக்கலாம். அதனால் அவர் நகங்களைப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தாலோ, காலையில் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, ஒரு விரல் முழுதும் வீங்கினாலோ மூட்டையும் பரிசோதிக்க வேண்டும். தாமதித்தால் மூட்டுச் சேதம் மீளாது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.