கிரூசேடர் கிங்ஸ் 3 விளையாட்டில் வாரிசு பட்டத்துக்கு வந்ததும் சிற்றரசர்கள் கலகம் செய்கிறார்களே, அவர்களின் விசுவாசத்தை எப்படிப் பெறுவது?

தந்தை ஆண்டபோது பணிந்து நடந்த சிற்றரசர்கள், மகன் பட்டத்துக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் கூட்டுச் சேர்ந்து எதிர்க்கிறார்கள் என்றும், பொன்னை வாரி இறைத்தும் பயனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடைக்கால அரச குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக ஆளும் இந்தக் கணினி விளையாட்டில் விசுவாசம் அரியணையைச் சேர்ந்ததல்ல, அதில் அமர்ந்திருப்பவரைச் சேர்ந்தது. இறந்த அரசர் தேடி வைத்த நன்மதிப்பு பெரும்பாலும் அவரோடு போய்விடும். புதியவருக்கோ ஆட்சிக்கு வந்து சில நாட்களே ஆயின என்பதற்காகவும் மதிப்பு குறைக்கப்படும். ஆகவே விசுவாசத்தைத் தேடும் வேலையைத் தந்தையின் காலத்திலேயே, மகனுக்காகத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு சிற்றரசரும் உங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் −100 முதல் +100 வரையிலான ஓர் எண்ணாகத் தெரியும். அந்த எண்ணின் மேல் சுட்டியை வைத்தால், அது எப்படி வந்தது என்ற கணக்கு வரிவரியாக விரியும். பொன்னைச் செலவிடுவதற்கு முன் அந்த வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். மந்திரி சபையில் இடம் கிடைக்காத வலிமை மிக்க சிற்றரசருக்கு எத்தனை பரிசு அனுப்பினாலும், அந்த ஒரு குறை பரிசின் பலனை விழுங்கிவிடும். அவரைச் சபையில் அமர்த்தினால் செலவே இல்லாமல் கசப்பு தீரும். அவருடைய திறமை சற்றுக் குறைவாக இருந்தாலும் நான் அமர்த்திவிடுவேன். ஒற்றர் தலைவர் பதவியை மட்டும் உங்களை வெறுப்பவர் கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இன்னொருவருடைய கணக்கில் பண்பாட்டு வேற்றுமை என்ற வரி இருக்கலாம். வேற்று மொழி பேசும் குடிகளை ஆளும்போது அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொள்ள விளையாட்டில் வழி இருக்கிறது. சந்தையில் தெலுங்கிலும் வீட்டில் தமிழிலும் பேசி வளர்ந்த, ஆந்திராவின் நகரி ஊர்க்காரனான எனக்கு, அந்த வசதியை வைத்தவர்கள் மனிதர்களை நன்றாகக் கவனித்தவர்கள் என்றே தோன்றுகிறது.

வாரிசுச் சிக்கல் விளையாட்டுக்காகக் கற்பித்த ஒன்று என்று எண்ண வேண்டாம். எங்கள் பகுதியிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய சந்திரகிரிக் கோட்டை, விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று. இரண்டாம் வேங்கடர் அங்கும் பின்னர் வேலூரிலும் இருந்து ஆண்டு, சிதறிக்கொண்டிருந்த நாயக்கர்களை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தார். 1614-இல் அவர் இறந்ததும், அவர் தேர்ந்தெடுத்த இரண்டாம் ஸ்ரீரங்கரை ஏற்பதா வேண்டாமா என்று பிரபுக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கொப்பூரி ஜக்கராயர், அரசி ஒருவரின் மகன் என்று சொல்லப்பட்ட சிறுவனை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொன்றார். வேங்கடகிரியின் வெலுகோட்டி மரபில் வந்த யாசம நாயக்கர், சலவைத் தொழிலாளி ஒருவரின் உதவியோடு இளவரசர் ராமதேவரை மட்டும் சிறையிலிருந்து தப்பவைத்து, அவர் பக்கம் நின்றார். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமரோடு சேர, மதுரையும் செஞ்சியும் ஜக்கராயரோடு சேர்ந்தன. கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும் போரில் ஜக்கராயர் மாண்ட பிறகுதான் ராமதேவரின் பட்டம் உறுதியானது. உங்கள் விளையாட்டில் கலகக்காரர்கள் பட்டத்துக்கு உரிமை கோரும் வேறொருவரை முன்னிறுத்துவதும் இதே நிகழ்வுதான். அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவை, எல்லாரும் கைவிட்டாலும் நிற்கும் ஒரு யாசமர்.

அப்படி ஒருவரைத் தேடித்தருவது பெரும்பாலும் திருமண உறவு. உங்களோடு படை உடன்பாடு வைத்திருக்கும் சிற்றரசர் உங்களுக்கு எதிரான கூட்டில் சேர முடியாது. அரசருடைய தங்கையை மணமுடித்துக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு அரசரோடு முடிந்துவிடக்கூடும். ஆனால் வாரிசுக்கே வலிமையான சிற்றரசரின் மகளை மணமுடித்து, வாரிசின் உடன்பிறந்த பெண்களை அடுத்த நிலையில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தால், அந்த உறவுகள் மகனுடைய ஆட்சியிலும் தொடரும். தொலைதூர நாட்டு இளவரசியைத் தேடுவதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அச்சமும் பயன்படும். கடுமையான தண்டனைகளால் அச்சம் வளர்ந்தால், துணிவு குறைந்த சிற்றரசர்கள் கூட்டில் சேரத் தயங்குவார்கள். ஆனால் அது நாள்பட நாள்படக் கரையும், மகனுக்கும் வராது. தக்க காரணமின்றி ஒருவரைச் சிறைபிடித்தாலோ நிலத்தைப் பறித்தாலோ கொடுங்கோன்மை என்ற பெயர் சேர்ந்து, தொடர்பே இல்லாத சிற்றரசர்களும் மனம் கசந்துபோவார்கள்.

இப்போது ஏற்கெனவே மகன் பட்டத்தில் இருக்கிறார், கூட்டும் உருவாகிவிட்டது என்றால், அதிலுள்ள அனைவரையும் சரிக்கட்ட முயல வேண்டாம். கூட்டின் பட்டியலைத் திறந்து, அதிகப் படை வைத்திருக்கும் உறுப்பினர் யார் என்று பாருங்கள். கூட்டின் மொத்த வலிமை உங்கள் வலிமையோடு ஒப்பிடும் அளவை எட்டினால்தான் அதன் அதிருப்தி ஏறி, இறுதி எச்சரிக்கை வரும். ஆகவே பரிசு, சபை இருக்கை, நட்பு நாடும் முயற்சி, மணமாகாத தங்கையின் திருமணம் என்று உங்களிடம் உள்ள அனைத்தையும் அந்த ஒருவர்மீதே செலுத்துங்கள். அவர் விலகியதும் மீதமுள்ளோர் போர் தொடுக்கும் அளவுக்கு வலிமையற்றவர்களாகிவிடுவார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.