முதலில் பேசுபவர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கென்று ஒரு கருத்து இருக்கும். மூத்தவர்கள் இருவர் பேசி முடித்ததும் அது கரைந்துவிடும். என் முறை வரும்போது அவர்கள் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன். இது திறந்த மனமா, சுயமில்லாமையா?

வி., தஞ்சாவூர்

அன்புள்ள வி.,

நாவலின் எந்த இடத்தைக் காட்டி அவர்கள் உங்கள் வாசிப்பை மாற்றினார்கள்? அதைச் சொல்ல முடிந்தால் உங்கள் மனம் திறந்திருந்தது. முடியாவிட்டால் வெறுமனே ஒத்துப்போயிருக்கிறீர்கள். அதற்காக நொந்துகொள்ளவும் வேண்டாம்.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, இன்னோர் அட்டையிலுள்ள மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்பார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். பல சுற்றுகளில் பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில், விவரம் தெரியாதவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதி, நாவலுக்குக் கேட்பானேன்! மற்றவர்கள் முதல் ஆளின் பின்னால் போகும் ஆட்டு மந்தை என்று சந்தேகப்பட்டவர்களும் அப்படி ஒத்துப்போனவர்களில் இருந்தார்கள். சந்தேகப்பட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். (நம் இலக்கியக் கூட்டங்கள் சில நினைவுக்கு வருகின்றன.)

எனக்கு இதில் பிடித்தது அடுத்த கட்டம். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், இந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. அவர் பெரும்பான்மையைவிட மோசமான விடையைச் சொன்னபோதும் குறைந்தது. எனவே உங்கள் வாசிப்பு தவறாகவே இருந்தாலும், நீங்கள் வாய் திறப்பது பக்கத்தில் வாய்மூடி இருப்பவருக்கு உதவும்.

தைரியம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், பேசும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, மரண தண்டனை வழக்குகளில் நீதிபதிகளின் கருத்தை ஓரத்திலிருந்து, அதாவது இளையவர்களிடமிருந்து கேட்கத் தொடங்க வேண்டும் என்கிறது. உங்கள் மூத்தவர்கள் நல்லவர்கள் என்றால் கடைசியில் பேசச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால், கிளம்புமுன் ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போய் அதை அப்படியே வாசித்துவிடுங்கள். பிறகு தாராளமாக மனம் மாறலாம். எதனால் மாறினீர்கள் என்பதை மட்டும் அந்த நாலு வரிக்குக் கீழே குறித்துவையுங்கள்.

அன்புடன்