விழப்போகிறீர்களா? விழுந்துவிடுங்கள்: பனிச்சறுக்கும் முழங்கால் தசைநாரும் – கேள்வி பதில்

பனிச்சறுக்கில் முழங்கால் தசைநார் கிழியாமல் இருக்க என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், குளிர்காலத்தில் சறுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். என் இடது முழங்காலிலேயே ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, திரும்பவும் சறுக்க வந்திருக்கிறேன். அதனால் இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுப் பேசவில்லை.

கேள்வி: அக்கா, எல்லாரும் "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்கிறார்கள். எது ஜவ்வு, எது ஏசிஎல்? பனிச்சறுக்கில் எது போகும்?

ஜவ்வு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளுக்கு வைத்திருக்கிறோம். மூட்டுக்குள் பஞ்சு போல் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரும் ஜவ்வு. இங்கே நாம் பேசுவது தசைநாரைப் பற்றி.

ஏசிஎல் மூட்டின் நடுவே குறுக்காக ஓடுகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. எம்சிஎல் முழங்காலின் உட்பக்கம் இருக்கிறது, முட்டி உள்ளே மடங்கிவிடாமல் காக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அடிக்கடி அடிபடுவது எம்சிஎல். ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, இரண்டின் முனைகளையும் சேர்த்து ஆப்பு மாதிரி வைத்து இறங்கும்போது ஒரு ஸ்கீ வெளியே விலகிப்போனால் முட்டி உள்ளே இழுபடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும். ஏசிஎல் அப்படி இல்லை. முழுக்கக் கிழிந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: கால் மாட்டிக்கொண்டால் பைண்டிங் தானாகத் திறந்துவிடுமே, அப்புறம் முழங்காலுக்கு என்ன ஆபத்து?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். காலில் போடும் பூட்டை (boot) ஸ்கீயோடு பிடித்து வைக்கும் கருவிதான் பைண்டிங். பைண்டிங்கை உருவாக்கியது கீழ்க்கால் எலும்பைக் காப்பாற்ற, முழங்காலைக் காப்பாற்ற இல்லை. அதன் வேலையை அது நன்றாகவே செய்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சுகர்புஷ் சறுக்கு மலையில் 1972 முதல் பல பத்தாண்டுகள் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். பைண்டிங் மேம்பட மேம்படக் கீழ்க்கால் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் ஏசிஎல் காயம் கூடியது.

காரணம் எளிது. சாதாரண பைண்டிங்கில் முன்பக்கம் பக்கவாட்டிலும், குதிகால் பக்கம் மேல்நோக்கியும் விடுபடும். பின்னால் சாய்ந்து விழும்போது திருகும் விசை ஸ்கீயின் வால் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தத் திசையில் பைண்டிங்குக்குத் திறக்கத் தெரியாது. குதிகால் பக்கமும் பக்கவாட்டில் திறக்கும் பைண்டிங் சந்தையில் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அதை மாட்டியதாலேயே முழங்கால் பத்திரம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: மேடம், நான் விழுந்தது மெதுவாகப் போகும்போது. கிட்டத்தட்ட நின்றே விட்டேன். எழுந்திருக்கப் பார்த்தேன், "டப்" என்று கேட்டது. இவ்வளவு மெதுவாகப் போகும்போது எப்படிக் கிழியும்?

எனக்கு நடந்ததும் இதேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது என் இரண்டாவது சீசன், சாயங்காலம், சரிவே இல்லாத மாதிரி ஓர் இடம். உடம்பு பின்னால் சாய்ந்தது. இடுப்பு முட்டிக்கும் கீழே போய்விட்டது. மேட்டுப் பக்கம் இருந்த வலது கை பின்னால் போனது, வலது ஸ்கீயில் எடையே இல்லை. மொத்த பாரமும் பள்ளத்துப் பக்கம் இருந்த இடது ஸ்கீயின் வால் பகுதியில், அதுவும் உள்விளிம்பில் இறங்கியது. "விழுந்துவிடக் கூடாது" என்று தொடையை இறுக்கி எழப் பார்த்தேன். அந்த நொடியில் ஸ்கீயின் வால் பனியைக் கவ்வி, கீழ்க்காலை உள்பக்கம் திருகிவிட்டது. பைண்டிங் திறக்கவே இல்லை.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ஃபேன்டம் ஃபுட், அதாவது மாயப் பாதம். நம் பாதம் முன்னால் நீளும். பூட்டுக்குப் பின்னால் நீண்டிருக்கும் ஸ்கீயின் வாலோ, பின்பக்கம் முளைத்த இன்னொரு பாதம் மாதிரி வேலை செய்கிறது. முட்டி நன்றாக மடங்கியிருக்கும்போது அந்த நெம்புகோல் திருகினால் ஏசிஎல் தாங்காது. இதற்கு வேகமே வேண்டாம்.

மூன்று சந்தர்ப்பங்களில் இது நடக்கிறது: இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயல்வது, பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து எப்படியாவது மீளப் பார்ப்பது, கட்டுப்பாடு போனதும் வேண்டுமென்றே பின்னால் உட்கார்ந்துவிடுவது. மூன்றுமே பயத்தில் நாம் இயல்பாகச் செய்கிற காரியங்கள். அதனால்தான் முன்கூட்டியே பழகி வைக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: சரி, அந்த நொடியில் என்னதான் செய்வது?

பின்னால் சாய்வது தெரிந்த உடனே இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவாருங்கள், ஸ்கீக்கு நேர் மேலே. இரண்டு பாதங்களையும் சேருங்கள். கை முன்னால் வந்தால் இடுப்பும் கூடவே வரும், எடை ஸ்கீயின் நடுப்பகுதிக்குத் திரும்பும்.

அது முடியவில்லையா, விழுந்துவிடுங்கள். போராடாதீர்கள். கால்களை விறைப்பாக நீட்டாமல், முட்டி சற்று மடங்கியே இருக்கட்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்க்காதீர்கள், தோளும் மணிக்கட்டும் போகும். முழுதாக நிற்கும் வரை எழாதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். பத்து மீட்டர் சறுக்கிக்கொண்டே போனாலும் பரவாயில்லை, மரமோ பாறையோ எதிரில் இல்லாதவரை படுத்தே போங்கள்.

இது வெறும் அறிவுரை இல்லை. வெர்மான்டில் எட்லிங்கர், ஜான்சன், ஷீலி என்ற மூவர், விழும் வீடியோக்களை ஆராய்ந்து இந்த முறையை உருவாக்கினார்கள். 1993-94 சீசனில் சறுக்கு மலைகளில் வேலை செய்யும் பயிற்சியாளர்களுக்கும் மீட்புக் குழுவினருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கடுமையான முழங்கால் சுளுக்கு அவர்களிடையே 62 சதவீதம் குறைந்தது. அவர்கள் புதுக் கருவி எதையும் மாட்டவில்லை. ஆபத்தான நிலையை அடையாளம் காணவும், அதில் என்ன செய்யக் கூடாது என்றும் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தரையிலேயே பழகலாம். கண்ணை மூடி, பின்னால் சாய்வதாக நினைத்து, கை முன்னால், கால் சேர்த்து. ஒரு நாளைக்கு பத்துத் தடவை. உடம்புக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: என் நண்பனும் நானும் ஒரே எடை. அவன் பைண்டிங்கில் இருக்கும் எண்ணையே எனக்கும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அதை டின் (DIN) எண் என்பார்கள், பைண்டிங் எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதைக் குறிப்பது. அது எடையை மட்டும் பார்த்து வருவதில்லை. உயரம், வயது, பூட்டின் அடிப்பாக நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குவீர்கள் என்பதெல்லாம் சேர்த்து அட்டவணையில் பார்ப்பார்கள். 50 வயது ஆகிவிட்டால் எண் ஒரு படி குறையும். அதனால் வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் குறைத்துச் சொல்வதும், "நான் நல்லா சறுக்குவேன்" என்று ஏற்றிச் சொல்வதும் நம் காலுக்கு நாமே செய்யும் கெடுதல்.

எண் அதிகமானால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. குறைந்தால் திறக்கக் கூடாத இடத்தில், வேகத்தில் கழன்றுகொள்ளும். அதுவும் அபாயம்தான். நீங்களே திருப்புளி எடுத்துத் திருகாதீர்கள். சீசன் தொடங்கும் முன் கருவி வைத்துச் சோதிக்கும் கடையில் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பூட் மாற்றினாலோ அடிப்பாகம் தேய்ந்திருந்தாலோ திரும்பவும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பெண்களுக்கு அதிகம் கிழியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பொழுதுபோக்காகச் சறுக்குபவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பு-முட்டி கோணம், ஹார்மோன், தசை பலம், பெண்களின் உடலுக்குப் பைண்டிங் சரியாகத் திறக்காமல் போவது எனப் பல காரணங்களைப் பேசுகிறார்கள். இதில் எலும்பை மாற்ற முடியாது. தசையையும் பைண்டிங்கையும் சரிசெய்யலாம், அதனால் நான் அந்த இரண்டிலும்தான் கவனம் வைக்கச் சொல்வேன்.

கேள்வி: ஜிம்மில் ஸ்குவாட் நிறையச் செய்கிறேன். போதுமா?

போதாது. ஸ்குவாட் முன்தொடையை வலுவாக்கும். முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும், அதைத் தடுக்கப் போராடுவது ஏசிஎல். ஏசிஎல்லுக்குத் துணை நிற்பது தொடையின் பின்தசை, அதுதான் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். முன்தொடை இரும்பு மாதிரி, பின்தொடை வாழைத்தண்டு மாதிரி இருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முட்டியை மடக்குங்கள். முட்டி நேராகக் கால்விரலை நோக்கிப் போகிறதா, இல்லை உள்ளே சாய்கிறதா? சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது சரியாகும் வரை வேகம், எடை எதையும் கூட்டாதீர்கள்.

அப்புறம் பின்தொடைக்கு: மண்டியிட்டு, யாராவது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்வது. முதல் வாரம் மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், மறுநாள் நடக்க முடியாது. கூடவே பக்கவாட்டில் குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது. இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. பொத்தென்று கேட்டால் தசை அதிர்ச்சியை வாங்கவில்லை, மூட்டு வாங்குகிறது என்று அர்த்தம். பயணத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள், வாரம் மூன்று நாள்.

கேள்வி: முட்டிக்கு பிரேஸ் போட்டுக்கொண்டால்?

காயம் படாத முழங்காலுக்கு அது காப்பு என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சின்னச் சின்னக் குதிப்புகள் செய்ய ஆசை. அதில் ஏதாவது கவனிக்கணுமா?

எங்கே இறங்கப் போகிறோம் என்று பார்க்காமல் குதிக்காதீர்கள். பின்னால் சாய்ந்து, காலை நீட்டியபடி ஸ்கீயின் வாலில் இறங்கினால், ஸ்கீ பட்டென்று தரையில் அறையும். விறைப்பான பூட்டின் பின்பக்கம் கெண்டைக்காலை முன்னால் தள்ளும். திருகலே இல்லாமல் அந்த ஒரு தள்ளலில் ஏசிஎல் அறுந்துவிடும். இரண்டு ஸ்கீயும் ஒன்றாக, முட்டி மடங்கி, கை முன்னால் இருக்க இறங்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான் மாதிரி சாம்பியன்களுக்கே கிழிகிறதே. நாமெல்லாம் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவர் வலது முழங்காலில் ஏசிஎல், எம்சிஎல் இரண்டும் கிழிந்தன, எலும்பும் முறிந்தது. ஆனால் பந்தய வீரர்களின் வேகமும் பனியின் இறுக்கமும் வேறு. நமக்குக் கிழிவது பெரும்பாலும் மெதுவான, தவிர்க்கக்கூடிய விழுதலில். அவர்களால் தவிர்க்க முடியாததைப் பார்த்து, நம்மால் முடிவதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நேற்று விழுந்தேன். வலி குறைந்துவிட்டது, நடக்க முடிகிறது. நாளை சறுக்கப் போகலாமா?

போகாதீர்கள். "டப்" என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், திரும்பும்போது முட்டி நழுவுவது போன்ற உணர்வு: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஏசிஎல் கிழிந்த பிறகும் நேராக நடக்கலாம், நிறையப் பேர் ஏமாறுவது அதில்தான். அந்தக் காலோடு சறுக்கினால் தப்பியிருந்த மெனிஸ்கஸும் போகும். மலையிலேயே அடிபட்டால் சறுக்கி இறங்காதீர்கள், மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம். முட்டி நன்றாக இருக்கிறது. இந்த சீசன்...?

ஆசை புரிகிறது, நானும் காலண்டரைப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டு இருந்தவள்தான். குறைந்தது ஒன்பது மாதம் ஆகட்டும். அதற்கு முன் திரும்பியவர்களுக்கு மறுபடி காயம்படுவது அதிகம். மாதக்கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட கால், மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும். இதை பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்லட்டும், நீங்களே "பரவாயில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். நான் பதினோரு மாதம் காத்திருந்தேன்.

கேள்வி: நாளைக் காலை முதல் முறையாகச் சறுக்கப் போகிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் அக்கா.

இரண்டு சொல்கிறேன். பூட்டை பைண்டிங்கில் அழுத்தும் முன், அடியில் ஒட்டிய பனியைக் கையில் பிடிக்கும் சறுக்குக் கோலின் முனையாலோ பைண்டிங்கின் ஓரத்தில் தேய்த்தோ சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு விரற்கடை பனி இறுகிக் கிடந்தாலும் பூட் சரியாக உட்காராது, திறக்கும் விசையே மாறிவிடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் செய்யுங்கள்.

அப்புறம், சாயங்காலம் தொடை நடுங்க ஆரம்பித்ததும் "கடைசியாக ஒரு ரவுண்டு" என்று தோன்றும். எனக்குக் கிழிந்தது அந்த ரவுண்டில்தான். லிஃப்ட்டில் ஏறிக் கீழே வந்துவிடுங்கள்.