வீலை இழுக்கறதுக்கு முன்னாடி ஆக்சிலைப் பாருங்க: மாடல் ரயில் கேள்வி பதில்

கேள்வி: டபுள் ஓ (OO, 1:76.2 ஸ்கேல்) மோட்டார் போகி ஒண்ணு கைல இருக்கு, 16.5 மில்லி கேஜ் (ரெண்டு ரெயிலோட உள் ஓரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி). நான் போட்டுட்டு இருக்கற டிராக் ஈ.எம். (EM, அதே ஸ்கேல்ல இன்னும் அகலமான டிராக்), அதாவது 18.2 மில்லி. ரெண்டு பக்க வீலையும் கொஞ்சம் வெளிய இழுத்தா போதும்னு சொல்றாங்களே, நெஜமாவே அவ்ளோதானா?

பதில்: பாதி நெஜம். (போகின்னதும் பெட்டின்னு நினைக்கறவங்களுக்கு: பெட்டிக்கு அடியில தனியா திரும்பற சக்கர செட்டைத்தான் இங்க சொல்றோம், அதுக்குள்ளயே மோட்டாரும் கியரும் இருந்தா அது மோட்டார் போகி.) இழுக்கறதுக்கு முன்னாடி அதைக் கவுத்துப் போட்டு, அடி மூடியைக் கழட்டி, ஆக்சில் (ரெண்டு வீலையும் சேக்கற அச்சு) எப்படி இருக்குன்னு பாருங்க, மாத்த முடியுமா முடியாதாங்கறது அங்கயே தெரிஞ்சுடும். பெரும்பாலும் ரெண்டு தினுசு வரும். ஒண்ணு, முழு நீளத்துக்கும் ஒரே ஸ்டீல் கம்பி, நடுவுல கியர், ரெண்டு ஓரத்துலயும் வீலை இறுக்கமா ஏத்தியிருப்பாங்க. இன்னொண்ணு, நடுவுல பிளாஸ்டிக் குழாய், அது மேலயே கியர் பல்லு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அரை அரை ஆக்சில் வீலோட சேந்து உள்ள சொருகியிருக்கும்.

முதல் தினுசுன்னா கவலை கம்மி. ஒவ்வொரு வீலும் சுமார் 1 மில்லி வெளிய வந்தா போதும், ஆக்சில் முனை வீலோட முகத்துலேர்ந்து அவ்ளோ உள்ள போயிடும், பிடிப்பு கொஞ்சம் குறையும், லாக்டைட் 603 மாதிரி ரிடெய்னிங் திரவம் ஒரு துளி விட்டா நிக்கும். ஆனா அந்தத் துளி பேரிங் பக்கம் வழிஞ்சா ஆக்சிலே ஒட்டிக்கும், அதனால ஊசி முனையில எடுத்து வைங்க, பாட்டில்லேர்ந்து நேரா ஊத்தாதீங்க.

ரெண்டாவது தினுசுலதான் யோசிக்கணும். குழாய்க்குள்ள அரை ஆக்சில் எவ்ளோ நீளம் இருக்குன்னு அளந்து, 1 மில்லி வெளிய வந்த பிறகும் ஆக்சிலோட குறுக்களவு மாதிரி ஒன்றரை மடங்காவது உள்ள மிச்சம் இருக்குமான்னு பாருங்க. இருந்தா பண்ணலாம். இல்லேன்னா அரை ஆக்சிலைக் கொஞ்சம் நீளமா புதுசா செஞ்சுதான் ஆகணும். அதோட குழாயில மயிரிழை விரிசல் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க, பழைய போகிகள்ல இது ரொம்ப சகஜம், விரிஞ்ச குழாய்ல என்ன பசை போட்டாலும் வீல் நகந்துக்கிட்டே இருக்கும், புதுக் குழாய் போடறதுதான் வழி.

இழுக்கறதுக்கு இடுக்கி வேண்டவே வேண்டாம், வீல் புல்லர் வாங்குங்க. ரெண்டு பக்கமும் சமமா நகத்தணும், கியரோட முகத்துலேர்ந்து வீலோட முதுகு (உள்பக்க முகம்) வரைக்கும் ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்து பாருங்க, ஒரு பக்கம் மட்டும் நகந்தா போகியே டிராக்ல சாய்வா ஓடும். கடைசியா முதுகுக்கு முதுகு இருக்கற இடைவெளியை வெர்னியர்ல ஒரே இடத்துல அளந்துட்டு விட்டுடாதீங்க, வீலை மூணுல ஒரு பங்கு சுத்தி சுத்தி மூணு இடத்துல பாருங்க. அளவு மாறினா வீல் கோணலா உக்காந்திருக்குன்னு அர்த்தம், ஓடும்போது ஆடும். சைடு ராடு (வீல்களை வெளிப்பக்கம் இணைக்கற கம்பி) கிடையாதுங்கறதால நீராவி இன்ஜின் மாதிரி ரெண்டு பக்கமும் 90 டிகிரி கோணம் பாத்து வீலைப் பொருத்தற தலைவலி இதுல இல்ல, அது ஒரு நிம்மதி.

கேள்வி: சொன்ன மாதிரி மாத்தி முதுகுக்கு முதுகு கரெக்டா 16.5 மில்லி வெச்சேன். நேர் டிராக்ல, வளைவுல எல்லாம் அருமையா ஓடுது. பாயிண்ட் (ஒரு தடம் ரெண்டா பிரியற இடம்) வந்தா மட்டும் டக்குனு ஒரு சத்தம், சில சமயம் தடம் புரளுது. பாயிண்ட் தப்பா?

பதில்: பாயிண்ட் மேல பழி போடாதீங்க, கணக்கைப் பாப்போம். ஈ.எம்.ல 18.2 மில்லி கேஜ், பாயிண்ட்ல ஃப்ளாஞ்ச் (வீலோட உள்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கற விளிம்பு) போற சந்து 1 மில்லி. அப்ப செக் ரெயிலோட (ஓடற ரெயிலை ஒட்டி உள்பக்கம் இருக்கற காவல் ரெயில்) ஓரத்துலேர்ந்து எதிர்ப்பக்கம் ஃப்ராக் (ரெண்டு தடத்து ரெயிலும் வெட்டிக்கற இடம்) மூக்கு வரைக்கும் 17.2 மில்லி. செக் ரெயில் ஒரு வீலோட முதுகைப் பிடிச்சு நிறுத்தினாத்தான் எதிர் வீலோட ஃப்ளாஞ்ச் மூக்குல இடிக்காம போகும், அதுக்கு முதுகுக்கு முதுகும் ஒரு ஃப்ளாஞ்ச் தடிமனும் சேந்து 17.2-ஐத் தாண்டக் கூடாது.

ஈ.எம்.முக்குன்னே செஞ்ச மெல்லிசு வீல்ல ஃப்ளாஞ்ச் அரை மில்லி அளவுதான், 16.5 போட்டா 17.0, இடிக்காது. உங்க போகில இருக்கறது டபுள் ஓ வீல். ஆர்பி25 கோட் 110 (RP25, வீல் வடிவத்துக்கான ஒரு தர அளவு) ப்ரொஃபைலா இருந்தா ஃப்ளாஞ்ச் தடிமன் 0.76 மில்லி. 16.5-ஓட கூட்டுங்க, 17.26 வருது. அந்த 0.06 மில்லிதான் உங்க டக்கு சத்தம். அதுக்காக ரொம்பவும் குறைச்சிடவும் முடியாது, ஏன்னா செக் ரெயிலோட வெளி ஓரத்துலேர்ந்து எதிர்ப்பக்க விங் ரெயிலோட (ஃப்ராக் மூக்கை ஒட்டி இருக்கற ரெயில்) வெளி ஓரம் வரைக்கும் 16.2 மில்லி, முதுகு இடைவெளி அதுக்குக் கீழ போனா ரெண்டு வீலும் ரெயிலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறிடும். ஆக 16.3-லேர்ந்து 16.4 வரைக்கும்தான் உங்களுக்கு இடம். 16.35 வெச்சு ஓட்டிப் பாருங்க.

இதுக்குத்தான் கேஜ் நம்பரை மட்டும் வெச்சு வீலை செட் பண்ணாதீங்கன்னு சொல்றது. கேஜ் டிராக்கோட அளவு, வீலுக்கு அதோட ஃப்ளாஞ்ச் தடிமனும் சேத்துப் பாக்கணும்.

கேள்வி: 16.5 மில்லி போகியை உள்ள தள்ளி 12 மில்லி ஆக்க முடியுமா? 1:87 ஸ்கேல்ல மீட்டர் கேஜ் பண்றேன்.

பதில்: என் கருத்து, வேண்டாம். வெளிய இழுக்கறப்ப இடம் கிடைக்கும், உள்ள தள்ளறப்ப இடம் போகும். 4.5 மில்லி குறையணும், அதாவது வீலுக்கு 2.25. வீல்களுக்கு நடுவுல 10 மில்லி சொச்சம்தான் மிஞ்சும், அதுக்குள்ள மோட்டார், வார்ம் (மோட்டார்ல இருக்கற திருகு மாதிரி கியர்), கியர், ரெண்டு பக்கத்துச் சுவர், பிக்கப் (வீல்லேர்ந்து கரண்ட் எடுக்கற தகடு) எல்லாம் அடங்கணும். டென்ஷோடோ கம்பெனி மோட்டார் போகி மாதிரி போகிகள்ல மோட்டார் ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல படுத்திருக்கும், அதோட அகலத்தை ராவ முடியாது.

12 மில்லிக்குன்னே செஞ்ச மோட்டார் போகி தேடுங்க. கேஜ் சரியா இருந்து வீல்பேஸ் ஒரு மில்லி ரெண்டு மில்லி முன்னப்பின்ன இருந்தா பக்கவாட்டு ஃப்ரேம் மறைச்சுடும். நிஜ வண்டியில ஆக்சிலுக்கு ஆக்சில் 2 மீட்டர்னா 1:87-ல 23 மில்லி வரணும், அதை மனசுல வெச்சுக்கிட்டு தேடுங்க. 9 மில்லி நேரோ கேஜ் பண்றவங்க இந்த வேலையே செய்யறதில்ல, ரெடிமேடா கிடைக்கற N கேஜ் (9 மில்லி டிராக்ல ஓடற சின்ன ஸ்கேல்) சேசியை எடுத்து மேல பெரிய ஸ்கேல் பாடியைப் போட்டுடறாங்க, ரொம்ப புத்திசாலித்தனம்.

கேள்வி: நான் குழாய் டைப் போகியை லேசா உள்ள தள்ளினேன், ரெண்டு மில்லிக்கும் கம்மிதான். இப்ப டிராக்ல வெச்சாலே ஷார்ட் ஆகுது.

பதில்: குழாய்க்குள்ள ரெண்டு அரை ஆக்சிலோட முனையும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டிருக்கும். இந்த மாதிரி போகில ஒவ்வொரு அரை ஆக்சிலும் தன் பக்க ரெயிலோட கரண்டை எடுத்துட்டு வருது, நடுவுல இருந்த இடைவெளிதான் இன்சுலேஷன், அதை நீங்க மூடிட்டீங்க. ஒரு பக்கத்தைக் கழட்டி முனையை அரை மில்லி ராவிட்டு, நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை போட்டு ஏத்துங்க. மல்டிமீட்டர்ல வீலுக்கு வீல் பாத்துட்டு அப்புறம் டிராக்ல வைங்க.

கேள்வி: வெளிய இழுத்த பிறகு விட்டு விட்டு ஓடுது, கையால லேசா தள்ளினா மறுபடி ஓடுது.

பதில்: வீலோட முதுகைத் தொட்டுக்கிட்டிருந்த பிக்கப் தகடு இப்ப 1 மில்லி பின்தங்கியிருக்கும், ஒரு சில இடத்துலதான் தொடும். பாஸ்பர் பிரான்ஸ் தகட்டை மெதுவா வெளிப்பக்கம் வளைங்க, தொட்டா போதும், அழுத்தக் கூடாது, நாலு தகடும் அழுத்தினா அது பிரேக்தான். தகடு நீளம் பத்தலேன்னா மெல்லிசு பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை நுனியில சால்டர் பண்ணி நீட்டிக்கலாம், ஆனா பிளாஸ்டிக் பக்கத்துல சால்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வெச்சிருக்காதீங்க.

கேள்வி: எந்த நாட்டு ரயில் பண்ணினாலும் எந்த கேஜ் வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: நிஜ கேஜை ஸ்கேலால வகுங்க. பிரிட்டனோட நிஜ கேஜ் 1435 மில்லி, அதை டபுள் ஓ ஸ்கேலான 76.2-ஆல வகுத்தா 18.83, அதைத்தான் பி4 (P4, அதே ஸ்கேல்ல துல்லியமான கேஜ்) காரங்க அப்படியே வெச்சிருக்காங்க. அயர்லாந்து 1600 மில்லி அதே ஸ்கேல்ல 21, இதுக்கு 16.5 போகியை இழுக்கப் பாக்காதீங்க, பக்கத்துக்கு 2.25 மில்லி தேவைப்படும், நீளமான புது ஆக்சில் போடறதுதான் ஒழுங்கு. ஜப்பானோட 1067-ஐ 1:87-ல வகுத்தா 12.26, அதனால 12 மில்லி ஒத்துப் போகுது. ஆனா அவங்க N கேஜ்ல 1:150 ஸ்கேல்ல செஞ்சு 9 மில்லி டிராக்லயே ஓட்டறாங்க, கணக்குப் போட்டா 7.1 தான் வரும். 1435-ல ஓடற ஷின்கான்சனை மட்டும் 1:160-ல செய்யறாங்க, அது 9-க்குக் கிட்டத்தட்ட சரியா உக்காரும். கணக்கு ஒண்ணு சொல்லும், கடையில கிடைக்கற டிராக் ஒண்ணு சொல்லும், நீங்க எந்த டிராக்ல ஓட்டப் போறீங்களோ அதுக்குத்தான் போகி.

கேள்வி: மாத்தின போகி ரெண்டு பெட்டிக்கே சறுக்குது.

பதில்: அது கேஜால வர்றதில்ல, எடை. மோட்டார் போகிக்கு நேர் மேல ஈயம் வைங்க, பாடிக்கு நடுவுல வெச்சா பாதி எடை மோட்டார் இல்லாத போகிக்குப் போயிடும். அப்பவும் பத்தலேன்னா பின்னாடியும் ஒரு மோட்டார் போகி போடுங்க, ஆனா ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும், வேகம் வேற வேறயா இருந்தா ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும்.