ஸ்கேல், கேஜ், வோல்ட்: மாதிரி ரயில் வாங்குவோர் கேள்வி-பதில்

வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைத்துவரும் டெல்டா வாசகர்கள், தங்கள் லேஅவுட் எந்த நிலையில் இருக்கிறது என்று படத்தோடு எழுதுவது வழக்கம். இந்த முறை வந்த கடிதங்களில் பல, வேலை பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான் என்று சொல்கின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மாடி அறையில் கும்பகோணம் ஸ்டேஷனை அமைத்து வருகிறேன். இரண்டு பிளாட்பாரமும் கூட்ஸ் ஷெட்டும் முடிந்துவிட்டன. இணையக் கடை ஒன்றில் வாங்கிய டீசல் என்ஜின் முதல் நாளிலிருந்தே நகரவில்லை. முகப்பு விளக்கு மட்டும் எரிகிறது. "சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார்கள்.
— வாசகர், கும்பகோணம்

ப: சீலை உடைக்காமல் என்ஜின் ஓடுகிறதா என்று எவராலும் பார்க்க முடியாது, ஆகவே அந்த நிபந்தனை பழுதான பொருளுக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் எழுதியிராவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

விளக்கு எரிகிறது என்றால் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக உள்ளே போகிறது. கோளாறு மோட்டாரிலோ, பல்சக்கரத்திலோ, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையிலோ இருக்கலாம். திருகாணியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். பார்த்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். கன்ட்ரோலரை முழு அளவுக்குத் திருப்பி, விளக்கு எரிவதும் சக்கரம் நிற்பதும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வீடியோ எடுங்கள். அதை அந்தக் கடையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு வரை காலம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது.

கே: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் கொடுத்தனுப்பிய எச்.ஓ. அளவு மாதிரி ரயில் செட். சுவரில் செருகியவுடன் அடாப்டர் புகைந்து கருகிவிட்டது. தயாரிப்பாளர் மீது புகார் கொடுக்கலாமா?
— வாசகர், திருவாரூர்

ப: முடியாது. அடாப்டரின் முதுகில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். படிக்காமல் செருகினால் கருகத்தான் செய்யும். தண்டவாளமும் என்ஜினும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடாப்டரின் வெளியீடு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், ஏ.சி.யா டி.சி.யா என்பதைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ள உள்ளூர் அடாப்டர் வாங்குங்கள்.

கே: மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை வரை பழைய மீட்டர் கேஜ் மெயின் லைனை அமைப்பது என் ஆசை. மூன்றாவது பலகை வரை மண், வாய்க்கால், நாற்றங்கால் எல்லாம் முடித்துவிட்டேன். "இந்திய மீட்டர் கேஜ் ஒய்.பி. நீராவி என்ஜின்" என்ற விளம்பரத்தைப் பார்த்து 14,000 ரூபாய் கொடுத்தேன். வந்த என்ஜின் சாதாரண எச்.ஓ. தண்டவாளத்தில்தான் உட்காருகிறது. என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் பக்கவாட்டில் நகம் பட்டதும் கறுப்புப் பெயின்ட் உரிந்து, உள்ளே வேறு ஏதோ ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. நான் ஏமாந்துவிட்டேனா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 4-6-2 (முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இரண்டு சக்கரம்) என்ற சக்கர அமைப்பு ஒய்.பி.க்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க, ஐரோப்பிய என்ஜின்கள் பலவற்றுக்கும் அதே அமைப்புதான். அப்படி ஒன்றைக் கறுப்படித்து, நம் ஊர்ப் பெயரை ஒட்டி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதிரி ரயில் வியாபாரத்தில் நான் கண்ட குறைகளிலேயே என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஸ்கேல் என்பது அசலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். எச்.ஓ. என்றால் 87இல் ஒரு பங்கு, அதன் பாதை 16.5 மி.மீ. இந்த 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வருகிறது, அது ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் ஸ்டாண்டர்டு கேஜ். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். நம் மீட்டர் கேஜ் 1,000 மி.மீ.; வகுத்தால் பதினொன்றரை மி.மீ. ஆக, 16.5 மி.மீ. பாதையில் எச்.ஓ. அளவில் ஓடும் எதுவும் நம் அகலப்பாதையும் ஆகாது, மீட்டர் கேஜும் ஆகாது. அகலப்பாதை என்ஜினை அந்தப் பாதையில் ஓட்டுவது பலரும் தெரிந்தே செய்துகொள்ளும் சமரசம், அதில் தவறில்லை. தெரிவிக்காமல் விற்பதுதான் தவறு. இதில் ஓ.ஓ. என்ற பிரிட்டிஷ் அளவு வேறு இருக்கிறது. பாதை அதே 16.5 மி.மீ., ஆனால் வண்டி 76இல் ஒரு பங்கு. எச்.ஓ. பெட்டிக்குப் பக்கத்தில் ஓ.ஓ. பெட்டியை நிறுத்தினால் ஒன்று குள்ளமாகத் தெரியும். "ஒரே தண்டவாளத்தில் ஓடும் சார்" என்று சொல்லி இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள்.

ஒரு பெட்டி பிஸ்கட்டில் எடை, விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. பல ஆயிரம் ரூபாய் என்ஜினை விற்பவர் ஸ்கேலும் கேஜும் எழுதாமல், "இந்திய ரயில் மாடல், சூப்பர் குவாலிட்டி" என்று மட்டும் போடுகிறார். அது மறதி என்று நான் நம்பவில்லை. எழுதினால், எழுதியதற்குக் கட்டுப்பட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நல்லது ஒன்று உண்டு: விளம்பரத்தில் "மீட்டர் கேஜ்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு அளவுகோலை வைத்து 16.5 என்று தெரியும்படி ஒரு படம், பெயின்ட் உரிந்த இடத்தை அருகிலிருந்து ஒரு படம் எடுங்கள். தவறான விளம்பரம் என்று எழுதி முழுப் பணத்தையும் கேளுங்கள். மேற்கொண்டு உரித்துப் பார்க்க வேண்டாம்.

உங்கள் ஆசையைக் கைவிடவும் வேண்டாம். எச்.ஓ. அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. பாதை இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளை அமைப்பவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். 120இல் ஒரு பங்கான டி.டி. என்ற ஸ்கேலும் அதே 12 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது. ஆகவே டி.டி. என்ஜினின் மோட்டாரும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டத்தின் மேல் நீங்களே செய்த ஒய்.பி. உடலையோ ஒய்.டி.எம்.-4 டீசல் உடலையோ உட்கார வைக்க முடியும். அட்டையில் வாய்க்காலும் நாற்றங்காலும் செய்யத் தெரிந்த கைக்கு அது எட்டாத வேலை அல்ல.

கே: பேரனுக்கு ஆறு வயது. பிறந்தநாளுக்கு எச்.ஓ. செட் வாங்கலாமா?
— வாசகி, மன்னார்குடி

ப: வேண்டாம், அது சிறுவர் பொம்மை அல்ல. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்த முத்திரை உள்ள பொம்மை ரயில் வாங்கிக் கொடுங்கள்.

கே: ஒரு வருடத்துக்கு முன் போட்ட பாதை. மழை முடிந்ததும் என்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறது, தண்டவாளத்தில் பழுப்புப் புள்ளிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. "நிக்கல் சில்வர்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
— வாசகர், நாகப்பட்டினம்

ப: ஒரு காந்தத்தை எடுத்துத் தண்டவாளத்தில் வையுங்கள். ஒட்டினால் அது எஃகு. நிக்கல் சில்வர் என்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம், காந்தத்தில் ஒட்டாது. பித்தளையும் ஒட்டாது, ஆனால் அதன் மஞ்சள் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கடற்காற்றில் உப்பு இருக்கும் உங்கள் ஊரில் எஃகுத் தண்டவாளம் ஒரு மழைக்காலம் தாங்காது.

எனக்கும் இதே பொருளை இதே பெயர் சொல்லி ஒருவர் விற்றிருக்கிறார். தொலைபேசியில் மூன்று முறை "நிக்கல் சில்வர்" என்று சொன்னவர், பில்லில் "டிராக் செட்" என்று மட்டும் எழுதியிருந்தார். கேட்டபோது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அந்தப் பணம் வரவில்லை. அதன் பிறகு எந்தக் கடையிலும் உலோகத்தின் பெயர் பில்லில் இல்லாமல் ஒரு துண்டுகூட நான் வாங்குவதில்லை. உங்களிடம் வாட்ஸ்ஆப் செய்தியாகவாவது அந்தச் சொல் இருந்தால் உங்கள் நிலை என்னுடையதைவிட நல்லது. உடனே எழுதிக் கேளுங்கள்.

உப்புத்தாளை இனித் தொடாதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அழுக்கு அடைகிறது. மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, பஞ்சு உதிராத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது. புதுப்பாதை போடும்போது, இணைப்புத் தகட்டை மட்டும் நம்பாமல், சில துண்டுகளுக்கு ஒரு முறை ஒயர் பற்றவைத்து மின்சாரம் கொடுங்கள்.

கே: 6 அடிக்கு 4 அடி பலகையில் வட்டப்பாதை முடித்துவிட்டேன். எச்.ஓ. அளவில் ஐ.சி.எஃப். பெட்டிகள் எட்டு வாங்கினேன். வளைவில் எல்லாம் தடம் புரள்கின்றன. பெட்டிகள் மட்டமான தயாரிப்பா?
— வாசகர், பட்டுக்கோட்டை

ப: பெட்டிகள் மீது குற்றம் இல்லை. அசல் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர், எச்.ஓ. அளவில் அது 245 மி.மீ. வளைவின் ஆரம் நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் வண்டி நம்பிக்கையாக ஓடும் என்பது இந்தத் துறையில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் உங்களுக்கு 735 மி.மீ. ஆரம் வேண்டும், வட்டத்தின் குறுக்களவே ஏறத்தாழ ஐந்து அடி ஆகிவிடும். உங்கள் பலகையோ நான்கு அடி. எட்டுப் பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு பெட்டியை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதைப் பலமுறை எழுதியும் மாதாமாதம் இதே கடிதம் வருகிறது. 160இல் ஒரு பங்கான 'என்' (N) என்ற ஸ்கேலில் அதே பெட்டி 133 மி.மீ.தான், 400 மி.மீ. ஆரம் போதும், நான்கு அடிப் பலகையில் அழகாக அமையும். எட்டையும் அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தால், நீளப் பலகை உள்ள யாருக்காவது விற்றுவிடுங்கள்.

கே: நாங்கள் மூன்று நண்பர்கள். பழைய ஓட்டு ஸ்டேஷன் கட்டடத்தை முப்பரிமாண அச்சில் செய்து தருவதாக வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் சொன்னார். ஆளுக்கு 3,500 ரூபாய் யு.பி.ஐ. மூலம் அனுப்பினோம். இப்போது குழுவே இல்லை, எண்ணும் அணைந்துவிட்டது.
— வாசகர், திருத்துறைப்பூண்டி

ப: மனம் வருந்துகிறது. ஏமாந்தது உங்கள் குற்றமல்ல. இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான சிறு தயாரிப்பாளர்களும் முன்பணம் வாங்கித்தான் செய்கிறார்கள், அந்த நம்பிக்கையை ஒருவர் களவாடியிருக்கிறார். இது நுகர்வோர் வழக்காகத் தொடங்க வேண்டிய விஷயம் அல்ல, குற்றம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றே மூவரும் தனித்தனியாகப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு. வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். குழுவில் நடந்த உரையாடல் யாருடைய போனிலாவது மிச்சம் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

கே: வெளிநாட்டுக் கடையில் நேரடியாக வாங்கினால் மலிவு என்கிறார்களே?
— வாசகர், தஞ்சாவூர்

ப: திரையில் தெரியும் விலை மலிவு. பொம்மைகளுக்கும் மாதிரிகளுக்குமான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏற்றப்பட்டது. வரி, பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துப் போடப்படுகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. அன்றைய விகிதத்தைப் பார்த்துக் கணக்கிட்ட பிறகே ஆர்டர் போடுங்கள்.

கே: பலகைக்கு "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லிக் கொடுத்த பிளைவுட் ஐப்பசி மழையில் வளைந்து, பாலத்துப் பக்கம் பாதை ஒரு விரல் அகலம் தூக்கிவிட்டது.
— வாசகி, திருவையாறு

ப: "வாட்டர்ப்ரூஃப்" என்பது கடைக்காரரின் வாய்ச்சொல், ஷீட்டின் மேல் அச்சாகியிருக்கும் ஐ.எஸ். எண்தான் கணக்கு. ஐ.எஸ். 303இல் எம்.ஆர். என்று போட்டிருந்தால் அது ஓரளவு ஈரப்பதத்தை மட்டும் தாங்கும். ஆற்றங்கரை ஊரில், மழையில் ஈரம் ஏறும் அறைக்கு மரைன் பிளைவுட்டான ஐ.எஸ். 710 வாங்குங்கள். 12 மி.மீ. கனம் போதும், ஆனால் அடியில் மரச்சட்டம் அடிக்காமல் விடாதீர்கள். வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் பூசினால்தான் ஈரம் ஏறாது. வளைந்த பலகையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்த்து, பொய்யானால் அங்கேயே புகார் செய்யலாம். துண்டாக வெட்டி வாங்கும்போது முத்திரை உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடும், அதனால் அடுத்த முறை முழு ஷீட்டைப் படம் எடுத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள், பில்லில் "பிளைவுட்" என்று மட்டும் எழுத விடாமல் "ஐ.எஸ். 710, 12 மி.மீ." என்று எழுதி வாங்குங்கள்.