பற்று நோட்டு – கடிதம்

அன்புள்ள அக்கா,

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவன் நான். இப்போது பெங்களூரில் வேலை. கொஞ்ச நாளாக அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த ரான் பால் பேசிய பேச்சுகளைத் தேடித்தேடிக் கேட்கிறேன். 2008-ல் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கியபோது துணிந்து எதிர்த்தவர். விழும் நிறுவனம் விழட்டும், கஷ்டப்படுகிறவருக்கு அக்கம்பக்கத்தார் உதவட்டும், அரசு தலையிட வேண்டாம் என்கிறார். எனக்குச் சரியாகவே படுகிறது. கடன் தள்ளுபடி, இலவச அரிசி எல்லாமே மீட்புப் பணம்தானே? நம் எம்.பி.க்கள் ஏன் இப்படிப் பேசுவதில்லை? அவர் பேச்சுகளில் எதை முதலில் படிக்கலாம்?

அம்மா ஊரில்தான் இருக்கிறார். மூடிப்போன எஸ்டேட்டின் பணிக்கொடை இன்னும் வரவில்லை.

*

அன்புள்ள தம்பி,

எங்கள் மலையிலிருந்து போன பிள்ளை ஒருவர் இதையெல்லாம் தேடிப் படிக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த அக்கம்பக்கத்து உதவி என்கிற பேச்சு கொஞ்ச காலமாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ரான் பால் நேர்மையானவர், அதில் சந்தேகமில்லை. 2003 செப்டம்பரிலேயே, ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அரசு தரும் சலுகைகளால் வீட்டு விலை பொய்யாக ஏறுகிறது, விழும்போது வரி கட்டுகிறவர் தலையில்தான் விடியும் என்று பேசினார். ஐந்தே வருடத்தில் இரண்டையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2008 செப்டம்பர் 29-ல் வங்கிகளைக் காப்பாற்றும் மசோதா 205-க்கு 228 என்று தோற்றபோதும், அக்டோபர் 3-ல் 263-க்கு 171 என்று நிறைவேறியபோதும் அவர் ஓட்டு எதிராகவே விழுந்தது. மேல்சபையான செனட்டில் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. காப்பாற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கான பணத்தைப் பெரும் பணக்காரர்களிடம் கூடுதல் வரியாக வாங்குங்கள் என்றார். நீங்கள் ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிட்டீர்கள்.

நம் எம்.பி.க்கள் விஷயம் எனக்கு முக்கியமாகப் படவில்லை, அது இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்ற அந்த ஒரு வரியைத்தான் என்னால் விட முடியவில்லை.

சோவியத் யூனியன் உடைந்து, நம் தேயிலை வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து, 2000-ஐ ஒட்டி பீருமேட்டில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடினதை நீங்கள் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருப்பீர்கள். எங்கள் லயத்துக்குக் கீழே ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் கம்பத்துக்காரர். நீளவாக்கில் பற்று நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். சம்பள நாளில் என் அம்மா கொழுந்துக்கூடையை இறக்கிய கையோடு போய்க் கணக்கை அடைத்துவிட்டு வருவார். எஸ்டேட் மூடிய பிறகும் அந்த மனிதர் சரக்குக் கொடுத்தார். முதலில் எண்ணெயை நிறுத்தினார். அப்புறம் சோப்பு. அப்புறம் அரிசி பாதியானது. அம்மாவின் பக்கம் நிரம்பி, அட்டையின் உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கம்பத்து மொத்த வியாபாரி அவருக்குச் சரக்கு தர மறுத்ததும் கடையைப் பூட்டிவிட்டு இறங்கிப் போனார். நோட்டில் இருந்த ஒருவரிடமும் அவர் வந்து கேட்கவில்லை.

அவரைவிட நல்ல பக்கத்து வீட்டுக்காரர் உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் அவர் கடை ஓடியதே எங்கள் சம்பளத்தில்தான். ஜீப்காரரும் அப்படித்தான். மாரியம்மன் கோயில் வரிகூடச் சம்பளத்தில் பிடித்ததுதான், எஸ்டேட் மூடியதும் கோயில் உண்டியலும் காலி. ஒரு வீடு மட்டும் விழுந்தால் பக்கத்து வீடு தாங்கும். ஊரே சேர்ந்து விழும்போது யார் யாரைத் தாங்குவது, சொல்லுங்கள்?

ரான் பாலுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். அவர் தொகுதியில்தான் டெக்சாஸ் கடற்கரை ஊரான கால்வெஸ்டன் இருந்தது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி திவாலாவதற்கு இரண்டு நாள் முன்பு, 2008 செப்டம்பர் 13-ல், ஐக் புயல் அந்த ஊரைத்தான் அடித்தது. பேரிடர் நிவாரணத்திலும் மத்திய அரசு வேண்டாம் என்பதே அவர் நிலை. 2011-ல் இன்னொரு புயல் வந்தபோது, 1900-ல் இருந்த மாதிரி இருந்துகொள்ளலாம் என்றார். 1900-ல் என்ன நடந்தது? அதே கால்வெஸ்டனில் குறைந்தது 6,000 பேரைப் புயல் கொன்றது. மிஞ்சியவர்களை ஊர்க்காரர்கள் மட்டுமா காப்பாற்றினார்கள்? செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் தள்ளாத வயதில் வந்து இறங்கினார். நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்தது. மக்கள் கடற்கரையில் ராணுவக் கூடாரங்களில் தங்கினார்கள். புயல் அடிக்காத ஊரிலிருந்து கை நீண்டதால்தான் பிழைத்தார்கள். அந்தக் கையைத்தான் நான் அரசு என்கிறேன்.

இலவச அரிசியையும் வங்கிக்குக் கொடுத்த பணத்தையும் ஒரே தட்டில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அரசு 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்த ஆரம்பித்த ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனம், அடுத்த மார்ச்சில் தன்னைக் கவிழ்த்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. வண்டிப்பெரியாற்றில் ரேஷன் அரிசி வாங்க வரிசையில் நின்ற பெண்கள் எதைக் கவிழ்த்தார்கள்? தேயிலை விலையை அவர்களா சூதாடினார்கள்? நீங்களும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுத்தானே பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள்? இனி அப்படி எழுதாதீர்கள், தம்பி.

வங்கிப் பணம் பிறகு வட்டியோடு திரும்பியது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. திரும்பியது உண்மைதான். எனக்கு அது பதிலாகப் படவில்லை. அமெரிக்க நிதித்துறை மூன்று பக்கத்தில் எழுதிய கோரிக்கை 2008 செப்டம்பர் 20-ல் போய், இரண்டே வாரத்தில் 70,000 கோடி டாலர் சட்டமாகியது. உங்கள் அம்மாவுக்கு வர வேண்டியது இலவசமும் இல்லை, மீட்புப் பணமும் இல்லை. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. அதை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று எஸ்டேட் மூடியபோது இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் சொன்னது. அது தோட்டத் தொழிலாளருக்கும் சேர்த்துப் போட்ட சட்டம்தான்.

முதலில் 2003 பேச்சைப் படியுங்கள். அதன் பக்கத்திலேயே 2008 அக்டோபரில் சாண்டர்ஸ் செனட்டில் பேசியதையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, எத்தனை வருட சர்வீஸ், பி.எஃப். எண், கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டு கையில் இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். மனு எழுதிக் கொடுக்க பீருமேட்டில் தெரிந்த தொழிற்சங்கத் தோழர் ஒருவர் இருக்கிறார், காசு வாங்க மாட்டார். சம்பளச் சீட்டு தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை, அம்மாவைப் போகச் சொல்லுங்கள்.