ஐசிபி-எம்எஸ் இருக்கும்போது அணுக்கழிவின் பர்ன்அப் பார்க்க எச்பிஎல்சி எதற்கு?

ஐசிபி-எம்எஸ் என்பது அணுக்களை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்; எச்பிஎல்சி என்பது கரைசலை நிரல் எனும் துகள் அடைத்த குழாயில் ஓட்டி, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நிறைதான் தெரியும், தனிமம் தெரியாது. பர்ன்அப் என்றால் எரிபொருளில் எவ்வளவு பிளந்து எரிந்தது என்பது; அந்தக் கணக்குக்கு நாம் எண்ணுவது பிளவில் பிறக்கும் நியோடிமியம்-148. அதே 148இல் சமேரியமும் உட்கார்ந்திருக்கிறது. "ஹை ரெசல்யூஷன் கருவி வாங்கினால் போச்சு" என்று யாராவது கமெண்ட் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் நிறை வித்தியாசம் 0.002 அலகு. பிரித்துக் காட்ட 70,000 ரெசல்யூஷன் (நிறையை வித்தியாசத்தால் வகுத்தது) வேண்டும். செக்டர் ஃபீல்ட் ஐசிபி-எம்எஸ் தருவது 10,000 சுமார். புளுட்டோனியம்-241, அமெரிசியம்-241 ஜோடிக்கும் இதே தலைவலி.

இன்னொன்று, கேள்வியில் "அணுக்கழிவு" என்று போட்டிருக்கிறீர்கள். எரிந்த எரிபொருள் இந்தியாவில் மறுபதப்படுத்தலுக்குப் போகிற சரக்கு. யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கழிவு. பத்திரிகைகள் திருந்தாது, நாமாவது சரியாக எழுதலாம்.

விஷயத்துக்கு வருவோம். டிஸால்வர் கரைசல் (எரிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்தது) கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அதை 3 மோலார் நைட்ரிக் அமிலத்தோடு அப்படியே இன்ஜெக்ட் செய்தால் பீக் (ஒவ்வொரு தனிமமும் வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் மேடு) எல்லாம் சப்பையாகிவிடும். வற்றவைத்து, 0.1 மோலாருக்கும் குறைந்த அமிலத்தில் எடுங்கள். ஆனால் புளுட்டோனியம் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்தால் அமிலம் குறையும்போது பாலிமராகி நிரலின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதை முன்பே அகற்றுங்கள், அல்லது ஆறாம் நிலைக்கு ஏற்றுங்கள்.

சாதாரண சி-18 (18 கார்பன் சங்கிலி ஒட்டிய துகள் அடைத்த) நிரலே போதும், 250 × 4.6 மி.மீ., 5 மைக்ரான். மொபைல் ஃபேஸில் (நிரல் வழியே ஓடும் திரவத்தில்) 0.01 மோலார் ஆக்டேன் சல்ஃபோனேட் கலந்து ஓட்டினால் அது நிரலில் படிந்து கேட்டயான் எக்ஸ்சேஞ்சராக (நேர்மின் அயனிகளைப் பிடித்து வைப்பதாக) மாறிவிடும். ஆல்ஃபா-ஹைட்ராக்ஸி ஐசோபியூட்டிரிக் அமிலத்தை 0.05இலிருந்து 0.25 மோலார் வரை ஏற்றுங்கள், பிஎச் 3.8 அளவில். லாந்தனைடுகளில் (லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரையான தனிமங்களில்) முதலில் வெளியே வருவது லுட்டீஷியம், கடைசியில் லாந்தனம். வெளியே வருவதை ஆர்சனாசோ-III என்ற நிறமிக் கரைசலோடு சேர்த்து 655 நானோமீட்டரில் பார்க்கலாம். யுரேனியம் மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. அதன் காம்ப்ளெக்ஸ் சி-18ஐயே பிடித்துக்கொள்வதால், சல்ஃபோனேட் அளவு மாறினால் லாந்தனைடு பீக்குகளுக்கு நடுவிலேயே வந்து விழும்.

பீக் நகர்கிறது என்று நிரலைத் திட்டாதீர்கள், பிஎச் மீட்டரைப் பாருங்கள். ஆல்ஃபா-ஹைட்ராக்ஸி ஐசோபியூட்டிரிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தில் பாதி அயனியாகும் பிஎச்) சுமார் 4, பிஎச் 0.1 நகர்ந்தாலே நேரம் மாறிவிடும். வாரக்கணக்கில் வைத்தால் கரைசலில் பூஞ்சையும் பிடிக்கும். புதிதாகக் கலந்து 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள்.

சமேரியம் நியோடிமியத்துக்கு முன்னால் வருவதால் அதன் வால் நியோடிமியத்துக்குள் நீளும். சோதிக்க எளிய வழி, நியோடிமியம் பகுதியில் நிறை 147ஐப் பாருங்கள். பல மாதம் ஆறிய எரிபொருளில் நியோடிமியத்துக்கு 147 கிடையாது. அங்கே எண்ணிக்கை ஏறினால் சமேரியமோ புரோமித்தியமோ கசிகிறது. 142ஐயும் பாருங்கள். இயற்கை நியோடிமியத்தில் அது 27%. எரிபொருளிலோ பிரசியோடைமியம் நியூட்ரானை விழுங்கி வருகிற கொஞ்சம்தான். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் ரியேஜெண்டிலிருந்து அழுக்கு சேர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதலில் ஐந்தில் ஒரு பங்கை 148இலிருந்து கழிக்க வேண்டும்.

நியோடிமியம்-150 ஸ்பைக்கை (அளவு தெரிந்து சேர்க்கும் ஐசோடோப்பை) நிரலுக்கு முன்பே சேர்த்து நன்றாகக் கலக்க விடுங்கள். பிறகு நிரலில் பாதி தொலைந்தாலும் விகிதம் மாறாது. கிடைத்த 148ஐ 0.017ஆல் (ஒரு பிளவுக்குப் பிறக்கும் நியோடிமியம்-148) வகுத்தால் பிளவு எண்ணிக்கை. ஆரம்பத்தில் இருந்த கன அணுக்களில் (யுரேனியம், புளுட்டோனியம்) 1% பிளந்திருந்தால் டன்னுக்குச் சுமார் 9.6 ஜிகாவாட்-நாள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரே இல்லையா? லாந்தனத்தின் பீக் பரப்பை வைத்தே கணக்கிடலாம். கல்பாக்கத்தில் எஃப்பிடிஆர் எனும் சோதனை வேக ஈனுலையின் எரிபொருளுக்கு லாந்தனைடுகளை எச்பிஎல்சியில் பிரித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் லாந்தனம்-139இன் ஈட்டு (நூறு பிளவுக்கு எத்தனை அணு பிறக்கிறது என்பது) யுரேனியம்-235க்குச் சுமார் 6.4%, புளுட்டோனியம்-239க்கு 5.6%. அந்த உலையின் புளுட்டோனியம் நிறைந்த கார்பைடு எரிபொருளுக்கு 6.4 போட்டால் பர்ன்அப் எட்டில் ஒரு பங்கு குறைவாக வரும்.